நாய்க்கு விடும் சொட்டு மருந்து, பூனைக்கு வந்த வலிப்பு

ஏற்காட்டில் அக்கா வீட்டில் நாய் மணியும் பூனை கறுப்பியும் ஒரே சாக்கில்தான் படுக்கும். இரண்டுக்கும் தெள்ளுப்பூச்சி. கடையில் நாய்க்குக் கழுத்தில் விடும் மருந்தைக் கொடுத்து, “பூனைக்குப் பாதி விடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றிருக்கிறார்கள். அக்காவும் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் நான் போனபோது கறுப்பிக்குக் காது வெட்டிக்கொண்டே இருந்தது, எச்சில் ஒழுகியது, நடை தள்ளாடியது. சேலத்தில் தெரிந்த கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அட்டையைப் படிக்கச் சொன்னார். ‘பெர்மெத்ரின்’ என்ற பூச்சிக்கொல்லியின் பெயரைப் படித்ததும், “பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு உடனே கழுவிட்டுக் கிளம்புங்க” என்றார். எண்ணெய்ப் பசையுள்ள மருந்து வெறும் தண்ணீருக்குப் போகாதாம். சுடுதண்ணீர் பட்டால் தோல் வழியே இன்னும் இறங்கும். பச்சைத்தண்ணீரில் நடுக்கம் கூடும். ஏற்காட்டுக் குளிரில் வெதுவெதுப்பாக விளாவிக் கழுவினோம். அக்கா பால் புகட்டப் போனாள். நடுங்கும்போது புரையேறும் என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

சத்தமும் வெளிச்சமும் படாமல் கொண்டுவரச் சொன்னார். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்காமல் எப்படி இறங்குவது? ஒவ்வொரு ஹாரனுக்கும் கூடைக்குள் தூக்கிப்போட்டது. அடிவாரம் வருவதற்குள் வலிப்பே வந்துவிட்டது.

இந்த விஷத்தை முறிக்கத் தனி மருந்து கிடையாது. வலிப்புக்கு டயஸிபாம், நடுக்கத்துக்கு மெத்தோகார்பமால், கூடவே ட்ரிப்ஸ். நாயின் ஈரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றிவிடும். பூனை ஈரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. அதனால் ‘பாதி அளவு’ என்ற கணக்கே செல்லாது. நம் பக்கம் உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றும் அமிட்ராஸ் வேறு மாதிரி: பிராணி துவண்டு கிடக்கும், இதயத் துடிப்பு குறையும், சிகிச்சையும் வேறு. அட்டையைக் கையோடு கொண்டுபோனது அதற்குத்தான் உதவியது.

நடுக்கம் அடங்க 3 நாள் வரை ஆகலாம் என்றார் டாக்டர். அதுவரை காய்ச்சலும் பார்க்க வேண்டும். இழுத்து இழுத்தே உடம்பு கொதிக்கும், மருந்தில் மயங்கியதும் சில்லிட்டுவிடும். கறுப்பி பிழைத்துக்கொண்டாள். மணியின் உடம்பிலும் அதே மருந்து இருந்ததால், கறுப்பி அவனை நக்கிவிடாதபடி கொஞ்ச நாள் பக்கத்து வீட்டில் கட்டினோம்.

கடையில் போய்ச் சொன்னேன். “எல்லாரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க” என்றார். இப்போது பூனைக்கென்றே உள்ள செலமெக்டின் சொட்டு, எடை பார்த்து டாக்டரே எழுதித் தருகிறார்.