பேரன் சொன்ன பதில்கள்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஞாபக மறதிக்கான சிகிச்சை மையம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இந்த ஊரில் ஹ்மாங் குடும்பங்கள் அதிகம். லாவோஸ் மலைகளில் நெல் விளைவித்தவர்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இவர்களைத் திரட்டி ரகசியமாகப் போரிட வைத்தது. 1975-இல் லாவோஸில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும், உயிர் பிழைக்க மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். அங்கே பான் வினாய் போன்ற அகதி முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள்.

அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு ஹ்மாங் பாட்டியை மகனும் பேரனும் கூட்டி வந்தார்கள். பையனுக்குப் பதினோரு வயது. வேறொரு மருத்துவமனையில் எடுத்த நினைவுச் சோதனையில் பாட்டிக்கு நல்ல மதிப்பெண். ஆனால் வீட்டில் அடுப்பை அணைக்க மறக்கிறார், பேரனை இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்து நாங்கள் சோதித்தபோது மதிப்பெண் பாதிக்கும் கீழே போனது.

முன்பு மொழிபெயர்த்தது யார் என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். பாட்டி ஒன்றுதான் சொன்னாராம், மற்ற இரண்டையும் இவனே சேர்த்துவிட்டான். என்ன மாதம் என்றதற்குப் பாட்டி, "நெல் அறுக்கிற மாதம்" என்றிருக்கிறார். இவன் "அக்டோபர்" என்று சொல்லிவிட்டான். "பாட்டி தப்பாச் சொன்னா அந்த டாக்டர் என்ன நினைப்பாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

எனக்கு அவன்மேல் துளியும் கோபம் வரவில்லை. அவசர நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்புக்கு நம்பக்கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஆள் கிடைக்காத நாளில் அதை யாரும் நினைப்பதில்லை. பாட்டியின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஒரு குழந்தையின் தலையில் வந்து விழுகிறது. தவிர, நெல் அறுக்கிற மாதம் என்பது தவறான பதிலும் இல்லை. அந்த மலைகளில் அக்டோபரில் அறுவடைதான். பள்ளிக்கூடமே போகாத மனுஷியிடம் தேதி கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லி மதிப்பெண் போடும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

வீட்டு நிலவரம் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் பாட்டிக்குப் பதற்றம் வந்துவிடும். சிப்பாய்கள் வருகிறார்கள், கைக்குழந்தையை அழவிடாதே, ஆற்றுக்குப் போகணும் என்பார். "அம்மா, இது அமெரிக்கா, சண்டை எப்பவோ முடிஞ்சாச்சு" என்று மகன் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடத்தான் செய்யும். பையன் என்ன செய்வானாம் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, ஆத்தைத் தாண்டியாச்சு. எல்லாரும் இந்தக் கரைக்கு வந்துட்டோம்" என்பானாம். பாட்டி ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்று சோறு சாப்பிட உட்கார்ந்துவிடுவார். மறதி நோயாளியைத் திருத்தப் பார்க்காதே, அவர் பயத்துக்குப் பதில் சொல் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். இவன் அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான்.

அதற்காகத் தினமும் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியுமா? மாலை வேளையைப் பெரியவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருட்டும் முன்பே விளக்கு போட்டுவிட வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். வீட்டு நிலைமையைப் பள்ளி ஆலோசகரிடம் சொல்ல அப்பாவிடம் ஒப்புதல் வாங்கினேன். பாட்டி பெயரை மாற்றிக் கூப்பிடுவது நோயால்தான், உன்மேல் பிரியம் குறைந்ததால் இல்லை என்று பையனிடம் தனியாகச் சொன்னேன்.

கிளம்பும்போது, "எனக்கும் இது வருமா?" என்றான். பாட்டிக்கு மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டதால் வந்தது, ரத்த அழுத்தத்தை வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டது அதற்கு முக்கியக் காரணம், அதைக் கட்டுப்பாட்டில் வைத்தால் ஆபத்து நிறையக் குறையும் என்று விளக்கினேன். பையன் உடனே அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தது என்று அவருக்கு நினைவில்லை. செவிலியரைக் கூப்பிட்டு அங்கேயே பார்த்தோம். கூடுதலாகத்தான் இருந்தது. அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க அவருக்கும் நேரம் வாங்கிக் கொடுத்தேன்.