காட்டுவதைவிடக் குறைவாக, காட்டுவதைவிட அதிகமாக: பகிரும் கேட் (கணினி) வரைபடங்கள்

மொரிஷியஸில் ஒரு கோயில் திருப்பணிக்கான வரைபடம் ஒரே அலுவலகத்துக்குள் இருந்துவிடுவதில்லை. கட்டுமானப் பொறியாளர் போர்ட் லூயியில் இருப்பார், சுதை வேலை செய்யும் ஸ்தபதி தமிழ்நாட்டில் இருப்பார், சில பணிகளில் அருகிலுள்ள ரெயூனியன் தீவைச் சேர்ந்த கட்டடக் கலைஞரும் சேர்ந்துகொள்வார். கோபுரத்தின் இன்றைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள், எக்செல் அளவுப் பட்டியல், பிடிஎஃப் குறிப்புகள் ஆகியவற்றோடு கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் உருவான ஒரே கோப்பு இவர்கள் எல்லோருக்கும் போகிறது. அந்தக் கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை, அனுப்புவதற்கு முன்பே அறிந்திருப்பது அனுப்புபவரின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புகைப்படத்தை இமேஜ்அட்டாச் கட்டளையால் சேர்த்தால், அது ஆட்டோகேட் வரைபடத்தின் டிடபிள்யூஜி கோப்புக்குள் நுழைவதே இல்லை. படம் எங்கே இருக்கிறது என்ற பாதையும், வரைபடத்தில் அதன் இடமும் அளவும் போன்ற விவரங்களும் மட்டுமே பதிவாகின்றன. வரைபடத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால், துவாரபாலகரின் உடைந்த கையைப் பார்க்க வேண்டிய ஸ்தபதிக்கு ஒரு வெற்றுச் சட்டமும் அதற்குள் ஒரு கோப்பின் பெயரும்தான் தெரியும். பிடிஎஃப் அண்டர்லேயும் (வரைபடத்தின் அடியில் காட்டப்படும் பிடிஎஃப்) எக்ஸ்ரெஃபும் (இணைக்கப்படும் இன்னொரு வரைபடம்) இப்படிப்பட்ட வெளி இணைப்புகள்தாம்.

பாதை முழுப் பாதையாக இருந்தால், அனுப்பியவரின் டிரைவும் ஃபோல்டர்களும் பெறுபவரிடமும் அப்படியே இருக்க வேண்டியிருக்கும், அது நடக்காத காரியம். ஆகவே வரைபடம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடும் சார்புப் பாதையே நல்லது. ஆட்டோகேட் 2018 முதல் புதிய இணைப்புகளுக்கு அதுவே இயல்பு அமைப்பு. ஆனால் படங்கள் வேறொரு டிரைவில் இருந்தால் சார்புப் பாதை அமையாது. இணைந்தவை அனைத்தையும் திரட்டி ஒரே ஜிப் கோப்பாகக் கட்டித் தரும் இ-டிரான்ஸ்மிட் கட்டளையைப் பயன்படுத்தாமல் எந்த வரைபடத்தையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது என் கருத்து.

இந்தத் தொல்லை வேண்டாம் என்று பலர், வேறொரு மென்பொருளின் பொருளை வரைபடத்துக்குள்ளேயே பதிக்கும் ஓஎல்இ முறையின் பக்கம் போகிறார்கள். பெயின்டிலிருந்தோ எக்செலிலிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் பொருள் வரைபடத்துக்குள்ளேயே தங்கிவிடும், பாதை தேவையில்லை. ஆனால் கோப்பு பெருத்துவிடும், படத்தைச் சுழற்ற முடியாது, மேக்கில் திறப்பவர் அதைத் திருத்த முடியாது. அந்த வரைபடத்தை இன்னொருவர் எக்ஸ்ரெஃபாக இணைக்கும்போது அது சில வேளைகளில் தெரியாமலும் போகும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. எக்செலில் பத்து வரிசைகளை மட்டும் தேர்ந்து ஓஎல்இ பொருளாகப் பதித்தாலும், உள்ளே போவது அந்தப் பத்து வரிசைகள் அல்ல, எல்லா ஷீட்களும் அடங்கிய முழு ஒர்க்புக். தாளில் மணல், சுண்ணாம்பு, கம்பி அளவுகள் மட்டுமே தெரியும். வரைபடத்தைப் பெற்றவர் அந்த அட்டவணையை இரண்டு முறை கிளிக் செய்தால் எக்செல் திறந்து, பக்கத்து ஷீட்டில் இருக்கும் ஒப்பந்தக்காரர்களின் விலைகளையும் காட்டிவிடும். பக்தர்களின் நன்கொடையில் நடக்கும் வேலையில், ஒருவர் கொடுத்த விலை மற்றவர் கண்ணில் படுவது நியாயமே இல்லை.

இதைத் தவிர்க்க வழி உண்டு: எக்செலிலிருந்து நகலெடுத்த பிறகு, ஆட்டோகேடின் பேஸ்ட் ஸ்பெஷலில் ஆட்டோகேட் என்டிட்டீஸ் என்பதைத் தேர்ந்தால், தேர்ந்த வரிசைகள் மட்டும் சாதாரண ஆட்டோகேட் அட்டவணையாக வந்து சேரும். அளவுகள் அடிக்கடி மாறுமானால், அட்டவணையை எக்செல் கோப்போடு இணைக்கும் டேட்டா லிங்க் வைக்கலாம். ஆனால் வெளியே அனுப்பும் பொதியில் அந்த எக்செல் கோப்பும் சேர வேண்டுமா என்பதை இ-டிரான்ஸ்மிட்டின் அமைப்புகளில் நாமே முடிவு செய்ய வேண்டும்.

காணாமல் போன படங்களை எக்ஸ்டர்னல் ரெஃபரன்சஸ் பலகம் நாட் ஃபவுண்ட் என்று சொல்லிவிடும். பதித்த ஓஎல்இ பொருள்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அவற்றைத் தேட க்விக் செலக்டில் ஓஎல்இ என்ற பொருள் வகையைத் தேர்ந்து, வரையும் இடமான மாடலிலும், அச்சுத் தாள்களான ஒவ்வொரு லேஅவுட்டிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.