பாதம்–கணுக்கால் சர்ஜரிக்குப் போக நினைக்கும் ஆர்த்தோ பி.ஜி.க்களுக்கு: ஆராய்ச்சி நிதியும் ஃபெல்லோஷிப்பும்

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு) சேர்ந்த சில மாதங்களிலேயே, “அண்ணா, ஃபுட் அண்ட் ஆங்கிள் பண்ணணும்னு ஆசை. வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் எது நல்லது?” என்று ஜூனியர்களிடமிருந்து மெசேஜ் வருகிறது. மூட்டு மாற்றுக்கும் முதுகெலும்புக்கும் அடித்துப்பிடித்து ஓடும் கூட்டத்தில் பாதத்தைத் தேடி வருகிறவர்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு மாளவில்லை. அதனால் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், பேர்பெற்ற ஸ்காலர்ஷிப்களை ஓரமாக வைத்துவிடலாம். செவனிங் என்பது பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கானது. முடித்ததும் குறைந்தது 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டில் நோயாளியைத் தொட்டுச் செய்கிற கிளினிக்கல் பயிற்சிக்கு இடமே இல்லை. பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம் என்று போகிறவர்களுக்கு இவை அருமை. நமக்கு வேண்டியது ஆப்பரேஷன் தியேட்டர் நேரம், நல்ல ஓ.பி., கை பிடித்துக் கற்றுத்தரும் ஒரு சீனியர். அதற்குப் பணம் தருகிற வழிகள் வேறு. தொகையும் சிறியது, பெயரும் அவ்வளவாக வெளியே தெரியாது. அவற்றில் பலவற்றுக்கான நுழைவுச் சீட்டு கோர்ஸில் நீங்கள் எழுதும் ஆய்வேடான தீசிஸ்தான்.

தீசிஸ் என்றதும் சலிப்பு வருவது புரிகிறது. சீனியரின் தலைப்பை வாங்கி, எலும்பில் பொருத்தும் பிளேட்டின் பெயரை மட்டும் மாற்றி, முடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் பல டிபார்ட்மென்ட்களில் நடைமுறை. பரீட்சை எழுத அது போதும். நிதிக்கு விண்ணப்பிக்கப் போதாது. எனவே தலைப்பு தேர்வில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

முதலில் காலண்டரை எடுத்து வையுங்கள். கோர்ஸ் 3 ஆண்டு. முதல் ஆறு மாதம் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்), எதிக்ஸ் கமிட்டி என்று போய்விடும். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். எழுதுவதற்கும் புள்ளியியல் நிபுணர் பின்னால் அலைவதற்கும் சில மாதம். கையில் மிஞ்சுவது சுமார் ஒன்றரை ஆண்டு. அதில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓராண்டு ஃபாலோ-அப் என்று எழுதினால், ஆள் சேர்க்க உங்களுக்கு ஆறே மாதம்தான். அந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு எத்தனை கால்கேனியம் (குதிகால் எலும்பு) முறிவு வரும்? தியேட்டர் ரிஜிஸ்டரைப் புரட்டி, போன வருடம் எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் போடுவார்கள். 60 பேர் என்று எழுதியிருப்பீர்கள், ரிஜிஸ்டரில் 14 இருக்கும். மேற்கொண்டு படிக்க மாட்டார்கள்.

நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லாத துறை ஒன்று உண்டு: சர்க்கரை நோயாளிகளின் பாதம். அதிலும் சார்க்கோ பாதம், அதாவது உணர்ச்சி போன பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதைவது. கால் சிவந்து, வீங்கி, சூடாக வருவார்கள். வலி அவ்வளவாக இருக்காது. பையில் நாலைந்து ஆன்டிபயாட்டிக் சீட்டு இருக்கும். எல்லாவற்றிலும் செல்லுலைட்டிஸ் (தோலடிக் கிருமித்தொற்று) என்று எழுதியிருக்கும். காய்ச்சல் இருக்காது, புண்ணும் இருக்காது. ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சார்க்கோவை நினைக்க வேண்டும். பிறகு மாவுக்கட்டுப் போட்டு வாரா வாரம் அளந்தால், சூடு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தெர்மாமீட்டர், பாத உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை, எக்ஸ்ரே, கட்டு. செலவு அவ்வளவுதான். ஒரு பி.ஜி. தன் கையால் செய்துமுடிக்கக்கூடிய ஆய்வு. நிதி கேட்கும்போது இந்த “செய்துமுடிக்கக்கூடிய” என்பதற்குத்தான் மதிப்பு.

இந்தத் துறைக்கு இங்கே ஒரு பரம்பரையும் இருக்கிறது. சர்ஜன் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் வாங்குவதால்தான் என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளியின் புண்ணுக்கு நாம் போடும் கட்டும், அழுத்தம் குறைக்கும் செருப்பும் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். வெளிநாட்டு இன்டர்வியூவில் “ஏன் ஃபுட் அண்ட் ஆங்கிள்?” என்று கேட்டால் சொல்ல இதைவிட நல்ல ஊர்க்கதை கிடைக்காது.

அடுத்து, எதை வைத்து அளக்கிறீர்கள் என்பது. பழைய தீசிஸ்கள் எல்லாவற்றிலும் ஏ.ஓ.எஃப்.ஏ.எஸ். (அமெரிக்கப் பாதம்–கணுக்கால் சங்கம்) ஸ்கோர் இருக்கும். 1994-ல் வந்தது: வலிக்கு 40, செயல்பாட்டுக்கு 50, எலும்பு நேர்த்திக்கு 10. கணக்குப் போட வசதியானது, அதனால் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதை உருவாக்கிய அமெரிக்கச் சங்கமே 2011-ல் இனி இதை நம்ப வேண்டாம் என்ற பொருளில் நிலைப்பாடு எடுத்துவிட்டது. இது தெரியாமல் அதையே முதன்மை அளவுகோலாக எழுதினால், பாதம்–கணுக்கால் தெரிந்த ரிவ்யூவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். நோயாளியே பதில் சொல்லும் 16 கேள்வி கொண்ட மான்செஸ்டர்–ஆக்ஸ்ஃபோர்டு படிவம் நல்ல மாற்று. அதற்கு உரிமம் வாங்க வேண்டும், முன்கூட்டியே மெயில் போட்டுவிடுங்கள்.

இதில் நம் ஆட்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அதுவே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பும்கூட. மேற்கத்தியப் படிவங்கள் ஷூ பொருந்துகிறதா என்று கேட்கும். நம் நோயாளி வீட்டில் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், வெளியே ரப்பர் செருப்பு. அவருக்குத் தெரிய வேண்டியது சம்மணம் போட முடியுமா, குத்துக்காலிட்டு உட்கார முடியுமா, வரப்பில் நடக்க முடியுமா என்பதுதான். கணுக்காலை இணைத்துக் கட்டும் ஆப்பரேஷன் முடிந்த ஒருவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், ஸ்கோர் சொல்லாத கதையைச் சொல்வார். இந்தக் கேள்விகளைச் சேர்த்து முறைப்படி சோதிக்க இம்பிளான்ட் செலவு எதுவும் இல்லை.

இன்னொன்று, எக்ஸ்ரே என்றால் நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரே. படுக்கவைத்து எடுத்த படத்தில் கோணம் அளந்த பாத ஆய்வை யாரும் சீந்த மாட்டார்கள். ரேடியாலஜி டெக்னீஷியனிடம் முதல் மாதமே நட்பாகிவிடுங்கள்.

சரி, பணம். எம்.டி., எம்.எஸ். தீசிஸுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிதி உதவி தருகிறது. அறிவிப்பு வரும்போது எதிக்ஸ் கமிட்டி அனுமதி, கைடு கையெழுத்து, கல்லூரியின் ஒப்புதல் கடிதம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கமிட்டி மாதத்துக்கு ஒருமுறையோ அதற்கும் தாமதமாகவோ கூடும். ஒரு கூட்டம் தவறினால் அந்த வருட நிதியும் தவறும். எல்லா பி.ஜி.க்களும் கட்டாயம் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை நடத்துவது சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமான ஐ.சி.எம்.ஆர்.-என்.ஐ.இ.தான். அதைச் சடங்காக முடிக்காமல், சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும்) பாடங்களையாவது உட்கார்ந்து கேளுங்கள். எம்.பி.பி.எஸ். படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். (குறுகியகால மாணவர் ஆய்வு) திட்டம் இருக்கிறது. இரண்டு மாத ஆய்வு, ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகே பணம்.

சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) பதிவு வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு பின்தேதிப் பதிவுக்கு வழியில்லை. பதிவு எண் இல்லாவிட்டால் நல்ல ஜர்னல்களின் கதவு மூடிவிடும்.

பட்ஜெட் எழுதும்போது ஆடம்பரம் வேண்டாம். தெர்மாமீட்டர், கட்டுப் பொருட்கள், பிரிண்டிங், கூடவே நோயாளிக்குப் பஸ் காசு. இந்தக் கடைசி வரியைப் பலரும் எழுதுவதில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு உங்கள் ஸ்கோருக்காக வர மாட்டார். ஃபாலோ-அப் பாதியில் அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். பயணப்படி என்று எழுதி, ஒரு விசிட்டுக்கு இவ்வளவு, இத்தனை விசிட் என்று பெருக்கிக் காட்டினால், இவன் ஓ.பி.யில் உட்கார்ந்தவன் என்று படிக்கிறவருக்குப் புரியும்.

பணம் உங்கள் கணக்குக்கு வராது, கல்லூரிக் கணக்குக்குத்தான் வரும். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பில்களை அன்றன்றே ஒட்டி வையுங்கள். கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அரசு நிதி விதிகளில் அது படிவம் 12-ஏ. அடுத்த முறை நிதி கேட்கும்போது, “முன்பு வாங்கிய நிதிக்குக் கணக்கு ஒப்படைத்தாகிவிட்டது” என்ற ஒரு வரி எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும் விடக் கனமானது.

தீசிஸிலிருந்து ஒரு பேப்பர் வெளிநாட்டு மாநாட்டில் தேர்வானால் பயணச் செலவு. முன்பு மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. நடத்திய பயணத் திட்டம் இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏ.என்.ஆர்.எஃப். கையில். எந்தத் திட்டம் திறந்திருக்கிறது, வயது வரம்பு என்ன என்று பேப்பர் அனுப்பும்போதே பாருங்கள், தேர்வான பிறகு அல்ல. அரசுப் பணத்தில் விமான டிக்கெட் என்றால் பொதுவாக பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்றில் ஒன்றில்தான் எடுக்க வேண்டும். வேறு செயலியில் சல்லிசாகக் கிடைத்தது என்று எடுத்துவிட்டுப் பிறகு பில் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல பயண உதவிகள் போய்வந்த பிறகே பணம் தரும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த இடத்தில்தான் இம்பிளான்ட் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே வருவார். “டாக்டர், டிக்கெட், ஹோட்டல் நாங்க பாத்துக்கறோம்.” வேண்டாம். மருத்துவர் நடத்தை விதிகளில் 2009-ல் சேர்த்த திருத்தம் மருந்து, மருத்துவத் தொழில் நிறுவனங்களிடமிருந்து மாநாட்டுப் பயண வசதி வாங்கக் கூடாது என்கிறது. எல்லாரும் வாங்குகிறார்களே என்பார்கள். பி.ஜி.யாக இருக்கும்போதே அந்தக் கடனில் விழுந்தால், பிறகு எந்தக் கம்பெனி பிளேட் போடுவது என்று நீங்கள் முடிவு செய்ய மாட்டீர்கள்.

எம்.எஸ். முடித்தபின் ஃபெல்லோஷிப். நேரடியாகப் பாதம்–கணுக்கால் என்று பெயர் போட்டது மட்டும் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 1958-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய எலும்பு முறிவுச் சிகிச்சை அமைப்பான ஏ.ஓ.வின் ட்ராமா ஃபெல்லோஷிப் சில வாரங்கள்தான். ஆனால் பைலான் (கணுக்காலுக்குச் சற்று மேலே), கால்கேனியம் முறிவுகளை அதிகம் பார்க்கும் மையத்தைக் கேட்டு வாங்கினால் அதுவே போதும். 1929-ல் தொடங்கிய சர்வதேச ஆர்த்தோ சங்கமான சிகாட், நம் இந்திய ஆர்த்தோ சங்கம் இரண்டும் இளம் சர்ஜன்களுக்கு ஃபெல்லோஷிப் அறிவிக்கின்றன. அமெரிக்கப் பாதம்–கணுக்கால் சங்கத்தின் ஆராய்ச்சி நிதிக்கு அங்கே உறுப்பினராக இருக்க வேண்டும். அங்கே இருக்கும் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து செய்கிற ஆய்வு இருந்தால் ஒழிய, அதன் பின்னால் ஓடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், பணத்துக்குக் கவலைப்படாமல் கற்க நல்ல வழி வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பிரிட்டனின் பயிற்சித் திட்டமான எம்.டி.ஐ. பிளாப் தகுதித் தேர்வு எழுதாமலேயே ராயல் காலேஜ் மூலம் ஜி.எம்.சி. (பிரிட்டன் மருத்துவக் கவுன்சில்) பதிவு, அதிகபட்சம் 2 ஆண்டு, அங்கிருக்கும் ஆஸ்பத்திரியே சம்பளம் தரும். ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும், அல்லது ஓ.இ.டி.யில் எல்லாப் பிரிவிலும் பி. ஸ்காலர்ஷிப் என்ற பெயர் இதற்கு இல்லாததால் பலரும் கண்டுகொள்வதில்லை. சம்பளம் இல்லாத அப்சர்வர்ஷிப்பில் வாடகை கட்டிக்கொண்டு தியேட்டர் மூலையில் நிற்பதோடு ஒப்பிட்டால் எது மேல் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அரசு ஒதுக்கீட்டில் படித்தவர்களுக்கு பாண்ட் (படித்தபின் அரசுப் பணி செய்யும் ஒப்பந்தம்) இருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியில் முடங்கிக் கிடக்கும், வெளிநாட்டுப் பதிவுக்கோ ஸ்கேன் செய்த தெளிவான பிரதியும் கல்லூரியின் நேரடிச் சரிபார்ப்பும் கேட்பார்கள். சேர்வதற்கு முன்பே எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். “எஸ். கார்த்திக்”, “கார்த்திக் சுப்பிரமணியன்” இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அஃபிடவிட்டோடு அலைவது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. இப்போதே சரிசெய்தால் ஃபெல்லோஷிப் கடிதம் வரும் மாதத்தில் நிம்மதியாகப் பெட்டி கட்டலாம்.