ஆல்பர்ட்டா ஹண்டரைக் கேட்ட நாட்கள்

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

மாலையில் வீட்டு மாடியில் வழக்கமான இசை அமர்வு. இந்தத் தடவை இசைத்தட்டைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பாடிய ஆல்பர்ட்டா ஹண்டரின் ‘ஆம்ட்ராக் புளூஸ்’ வைத்தேன். பாடுவது யார் என்று சொல்லவில்லை, அட்டையையும் காட்டவில்லை. முதல் பக்கம் முடியும்வரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதல் பாட்டு ‘டார்க்டவுன் ஸ்ட்ரட்டர்ஸ் பால்’. 1917ஆம் ஆண்டுப் பாட்டு. ஆட்டத்துக்குக் கிளம்பும் உற்சாகம். அது முடிவதற்குள்ளேயே மிருதங்கம் வாசிக்கும் நண்பர் தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். “அவர் தாளத்தின் மேல் பாடவில்லை, தாளத்தைத் தனக்குப் பின்னால் வரச் சொல்கிறார். நான் போட்டால் இடைஞ்சல்” என்றார். ஆங்கிலப் பேராசிரியை ஒவ்வொரு சொல்லும் அட்சர சுத்தமாகக் கேட்கிறது என்றார். கிடார் வாசிக்கும் தம்பிக்கு மட்டும் திருப்தி இல்லை: “இது புளூஸே இல்லை. டிராம்போனும் டிரம்பெட்டும் வைத்த பழைய ஜாஸ்.” குரலுக்கு வயது என்ன இருக்கும் என்றேன். ஐம்பது என்றார் ஒருவர். அறுபதைத் தாண்டியிருக்கும் என்றார் இன்னொருவர்.

பிறகு சொன்னேன். பாடியவர் பிறந்தது 1895இல், மெம்ஃபிஸ் நகரத்தில். தட்டு வெளிவந்தது 1980இல்.

அந்த நிமிடத்திலிருந்து பேச்சு மாறிப்போனது. “இந்த வயதிலா!” “மூச்சு எப்படி நிற்கிறது?” “என் பாட்டி இந்த வயதில் எழுந்து நிற்கவே முடியாமல் இருந்தார்.” எல்லாம் உண்மையான வியப்பு, நல்ல மனத்தோடு சொன்னவை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளத்தைப் பற்றி அத்தனை கூர்மையாகச் சொன்ன நண்பர்கூட வயதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அது என்னை இரவு முழுவதும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

கிடார் தம்பியின் ஆட்சேபத்துக்குப் பதில் எழுதி அனுப்பினேன். அவனுக்கு புளூஸ் என்றால் ஒரு மனிதன், ஒரு கிடார், 1936இல் பதிவான ராபர்ட் ஜான்சனின் குரல். அந்த அன்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் இசைத்தட்டில் புளூஸைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் பெண்கள். 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ விற்ற விற்பனையைப் பார்த்த பிறகுதான் நிறுவனங்கள் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. பியானோ, கார்னெட், டிராம்போன் சூழ மேடையில் நின்று பாடியவர்கள் அவர்கள். தனிக் கிடாரோடு பாடிய தென்மாநில ஆண்கள் தட்டுகளில் பெயர் பெற்றது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து.

ஆல்பர்ட்டா அந்த முதல் வரிசையைச் சேர்ந்தவர். பதின்வயதிலேயே மெம்ஃபிஸை விட்டு சிகாகோவுக்கு ஓடிப்போனவர். பியானோ கலைஞர் லவி ஆஸ்டினோடு சேர்ந்து ‘டவுன்ஹார்ட்டட் புளூஸ்’ எழுதி 1922இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பாடினார். அடுத்த ஆண்டு அதே பாட்டைத் தன் முதல் தட்டாகப் பாடித்தான் பெஸ்ஸி ஸ்மித் நாடெங்கும் பேர் பெற்றார். ஆகவே ‘ஆம்ட்ராக் புளூஸ்’ தட்டில் டாக் சீத்தமின் டிரம்பெட்டும் விக் டிக்கன்சனின் டிராம்போனும் ஒலிப்பது ஜாஸுக்காகச் செய்த அலங்காரம் அல்ல. இந்தப் பெண்களின் புளூஸ் பிறந்த வீடே அதுதான்.

தம்பி பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறான். ஒப்புக்கொண்டானா, பேச்சை முடித்துக்கொண்டானா, தெரியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

இரண்டாவது அமர்வு. சித்தி வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஆங்கிலப் பாட்டு அவர் கேட்பதில்லை. ஆல்பர்ட்டாவின் கதையை அவருக்குச் சொல்லித்தான் கூட்டிவந்தேன்.

1950களில் தாய் இறந்ததும் ஆல்பர்ட்டா பாட்டை விட்டுவிட்டார். அதற்கு முன் அவர் லண்டனில் பாடகர் பால் ராப்சனோடு ‘ஷோ போட்’ இசைநாடக மேடையில் நடித்தவர், ஐரோப்பாவெங்கும் பாடியவர், இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கப் படைவீரர்களுக்காகப் பாடப் போனவர். அறுபதை ஒட்டிய வயதில், வயதைக் குறைத்துச் சொல்லி நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். நியூயார்க்கில், இன்று ரூஸ்வெல்ட் தீவு என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். 1977இல் மருத்துவமனை அவருக்கு எழுபது வயது என்று நினைத்து ஓய்வு கொடுத்து அனுப்பியது. உண்மையில் அவருக்கு எண்பத்திரண்டு.

சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ‘நோபடி நோஸ் யூ வென் யூ’ர் டவுன் அண்ட் அவுட்’ முடிந்ததும் கண்ணைத் திறந்து, “இந்த அம்மா சத்தம் போடவே இல்லை, கவனித்தாயா? காது கேட்காத நோயாளியிடம் கத்தினால் அவருக்கு அவமானமாகிவிடும். சொல்லைப் பிரித்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்படித்தான் பாடுகிறார்” என்றார். அர்த்தம் புரிந்ததா என்று கேட்டேன். பணம் இருந்தபோது சூழ்ந்திருந்தவர்கள் போனபின் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதானே என்றார். நான் பாட்டின் பொருளை அவருக்கு முன்கூட்டியே சொல்லவே இல்லை.

இந்தத் தட்டைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதைவிடச் சரியானது எதுவும் இல்லை. ஆல்பர்ட்டா பாட்டை உரக்கப் பாடி நம்மை அசைக்க முயல்வதில்லை. குரலில் கரகரப்பு இருக்கிறது; மேல் ஸ்தாயிக்கு அவர் போவதில்லை; ஒரு வரியின் கடைசிச் சொல்லை நீட்டாமல் வெடுக்கென்று நறுக்கிவிடுகிறார். மூச்சு போதாததால் என்று அன்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நறுக்கிய இடத்தில் ஜெரால்ட் குக்கின் பியானோ நுழைய இடம் கிடைக்கிறது. அடுத்த வரியை அவர் தாளத்தில் அரைத் தட்டு தாமதித்து எடுக்கும்போது அந்த இடைவெளியே பாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இது இயலாமையிலிருந்து வருவதில்லை. எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவெடுத்துப் பாடுபவரின் கணக்கு இது.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. 1922ஆம் ஆண்டுப் பதிவுகளை மீண்டும் கேட்டேன். இளமைக்குரல்தான் மேல் என்று வாதிட்ட நண்பருக்காக. மைக் வராத காலம் அது. கூம்புக்குள் பாடினால் அதிர்வு நேரே மெழுகில் பதியும். கீழ்க்குரலின் கனம் பாதி தொலைந்துவிடும். ஆகவே அந்தப் பதிவையும் இந்தப் பதிவையும் அருகருகே வைத்துக் குரலை ஒப்பிடுவது நியாயமான போட்டி அல்ல. இடையில் 1961இல், நர்ஸாக இருந்தபோதே, சிகாகோவில் லவி ஆஸ்டினோடு ரிவர்சைடு நிறுவனத்துக்காக ஒரு தட்டு பாடினார். இந்த ஒப்பீட்டுக்கு அதுதான் நல்ல சாட்சி. அதில் குரல் வழவழப்பாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. ஆனால் குறும்பு இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று சண்டையே வந்துவிட்டது. காரணம் ‘மை ஹேண்டி மேன் எயின்ட் ஹேண்டி நோ மோர்’.

ஆண்டி ரசாஃப் எழுதிய பாட்டு. இசை யூபி பிளேக். ஒரு காலத்தில் விடியற்காலையில் எழுந்து புல் வெட்டிய வீட்டுக்காரன் இப்போது கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று பெண் அலுத்துக்கொள்கிறாள். மேலோட்டமாக வீட்டு வேலையைப் பற்றிய புகார். உள்ளே என்ன புகார் என்பது கேட்பவர் எவருக்கும் விளங்கும். வந்திருந்தவர்களில் மூத்தவர் முகம் சுளித்தார். எண்பதைத் தாண்டிய பெண்மணி இப்படிப் பாட வேண்டுமா, தயாரிப்பாளர் விற்பனைக்காகப் பாட வைத்துவிட்டார் என்றார்.

பேராசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. இதே வயது ஆண் பாடகர் கண்சிமிட்டிப் பாடினால் ‘இன்னும் இளமை’ என்று கைதட்டுவீர்களே என்று கேட்டார். நானும் அவர் பக்கமே பேசினேன். ஒரு பெண் தன் விருப்பத்தையும் ஏமாற்றத்தையும் தன் வாயால் சொல்வது 1920களின் பாடகிகள் புளூஸுக்குக் கொடுத்த பெரிய கொடை. அதை வயது வந்ததும் மேடையில் கழற்றிவைத்துவிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஆல்பர்ட்டா அந்தப் பாட்டில் ஒரு சொல்லைக்கூட அழுத்திக் காட்டுவதில்லை. தோட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன் என்பதுபோல, அப்பாவியாக, தெளிவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். சிரிப்பைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார். இருபொருள் பாட்டைக் கொச்சையாக்காமல் பாட எத்தனை கட்டுப்பாடு வேண்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. காப்பி குடித்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

யாரும் ஆல்பர்ட்டாவைப் பாட வைக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். 1977 அக்டோபரில் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் பார்னி ஜோசப்சன் நடத்திய ‘தி குக்கரி’ உணவகத்தில் அவர் மறுபடி பாடத் தொடங்கினார். அங்கே கூட்டம் கூடியது அவருடைய மேடைப் பேச்சுக்காகவும் இந்த மாதிரிப் பாட்டுகளுக்காகவும்தான். பெரிய காதணிகள் ஆட, கையால் தொடையைத் தட்டிக்கொண்டு அவர் பாடும் காட்சிப்பதிவுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர் எவரும் இந்தப் பெண்மணியை வேறொருவர் இயக்கினார் என்று சொல்லமாட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

டொரண்டோவில் இருக்கும் நண்பரிடமிருந்து நீண்ட கடிதம். பிறருக்கு விழுந்த கண்ணீர் தனக்கு விழவில்லை என்கிறார். இத்தனை வாழ்க்கை வாழ்ந்தவர் ஏன் இத்தனை உற்சாகமாகப் பாடுகிறார், துயரம் எங்கே, இது மேலோட்டமான தட்டு என்பது அவர் கட்சி. மெதுவாகப் போகும் தலைப்புப் பாட்டை மட்டும் விதிவிலக்காக ஒப்புக்கொள்கிறார். ஆல்பர்ட்டாவே எழுதிய ரயில் பாட்டு அது; ஆம்ட்ராக் என்பது அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனம். பில்லி பட்லரின் கிடார் அதில் அருமை.

புளூஸ் என்றால் ஒப்பாரி என்று நம்மில் பலர் முடிவுகட்டிவைத்திருக்கிறோம். அழுவதற்கான காரணம் அத்தனையும் இருந்தும் ஆடுவதற்குக் கிளம்புவதும் அதே இசைதான். ‘ஐ’ம் ஹேவிங் எ குட் டைம்’ அவர் சொந்தப் பாட்டு. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று அறிவிப்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. இருபது ஆண்டுகள் நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர் அதைச் சொல்லும்போது எனக்கு அது மேலோட்டமாகத் தெரியவில்லை. நண்பருக்கு இப்படியே பதில் போட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஆல்பர்ட்டா மறைந்து இன்றோடு நாற்பது ஆண்டு. அலுவலகத்தில் வேலை அதிகம். தட்டு போட நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இந்தத் தட்டுக்கான கடைசி அமர்வு. ‘ஐ’வ் காட் எ மைண்ட் டு ராம்பிள்’ பாட்டின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டேன். ஒன்று 1978இல் வந்த ‘ரிமெம்பர் மை நேம்’ படத்துக்காகப் பாடியது. மற்றது இந்தத் தட்டின் கடைசிப் பாட்டு. இரண்டையும் தயாரித்தவர் ஒருவரே, ஜான் ஹாமண்ட். 1933இல் பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவை நடத்தியவரும் அவர்தான். அதனால் இந்தத் தட்டில் அவர் வாத்தியங்களை எங்கே நிறுத்தினார் என்பதைக் கவனமாகக் கேட்கச் சொன்னேன்.

கிடார் தம்பிக்குப் படப் பதிவு பிடித்துவிட்டது. அதைக் கடன் கேட்டு வாங்கிக்கொண்டான். மிருதங்க நண்பருக்கு இரண்டாவது. முதல் நாளுக்குப் பிறகு இன்றுதான் அவர் வயதை மறந்து மறுபடியும் பாட்டைப் பற்றிப் பேசினார்: டிராம்போன் வாக்கியத்தை முடிக்கும்வரை பாடகி காத்திருப்பதையும், காத்திருக்கும்போதும் தாளம் அவர் கையில் இருப்பதையும். எனக்கு அது போதும்.

மூத்தவரும் வந்திருந்தார். சண்டைப் பாட்டைத் தாண்டி, ‘ஆல்வேஸ்’ போடச் சொன்னார். தட்டிலேயே உயர்ந்தது அதுதான் என்பது அவர் தீர்ப்பு. இர்விங் பெர்லின் 1925இல் எழுதிய காதல் பாட்டு; ஆல்பர்ட்டா அதை அன்பாகத்தான் பாடுகிறார். ஆனாலும் பத்துப் பாட்டுகளில் நான் தாண்டிப் போக நினைக்கும் பாட்டு அது ஒன்றே. அவருடைய குறும்புக்கும் கத்தி போன்ற சொல்லெடுப்புக்கும் அந்தப் பாட்டில் வேலை இல்லை. இதில் மட்டும் பெரியவரும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.