துவாலு: தன் கடலை நாள் கணக்கில் விற்கும் நாடு

பசிபிக் தீவு நாடான துவாலுவுக்குக் கிளம்புகிறவர்கள் ஃபிஜியிலேயே ஆஸ்திரேலிய டாலரை ரொக்கமாக மாற்றி எடுத்துக்கொள்வது நல்லது. அந்த நாட்டின் முதல் ஏடிஎம் திறந்ததே 2025 ஏப்ரலில்தான். இன்றும் கார்டை மட்டும் நம்பிப் போகக்கூடாது. பெரிய நோட்டு வேண்டாம், பத்தும் இருபதுமாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கென்று தனி நோட்டு கிடையாது. 1976 முதல் சொந்த நாணயம் மட்டும் உண்டு. பழைய ஒரு டாலர் காசுக்கு ஒன்பது பக்கம், தீவுகளும் ஒன்பது. விமானம் ஏறிவிட்டால் அந்தக் காசு எங்கும் செல்லாது, நினைவுக்கு இரண்டு வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செலவழித்துவிடலாம்.

விமானம் ஃபிஜியிலிருந்து வாரத்தில் சில நாட்கள் மட்டும். வானிலை கெட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். தலைநகர் ஃபுனாஃபுட்டியில், ஃபோங்காஃபாலே என்ற மெல்லிய பவளத் திட்டின் நடுவே விமான ஓடுபாதை கிடக்கிறது. விமானம் வரும்போது சைரன் ஊதும், எல்லாரும் விலகிக்கொள்வார்கள். மற்ற நேரத்தில் அதுதான் ஊர் மைதானம்: மாலையில் வாலிபால், கால்பந்து, புழுக்கமான இரவில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. 1943-இல் அமெரிக்கப் படை இதைப் போட்டபோது, நிரப்புவதற்கான பவளக்கல்லைத் தீவிலிருந்தே தோண்டி எடுத்தது. தென்னையும், புலாக்கா என்ற சதுப்புச் சேம்பு விளைந்த குழிகளும் போயின. தோண்டிய பள்ளங்கள் எழுபது வருடம் குப்பையும் உப்புநீருமாகக் கிடந்தன. 2015 வாக்கில் நியூசிலாந்தின் உதவியோடு காயல் மணல் கொட்டி மூடினார்கள்.

தீவின் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காயல் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே நங்கூரமிட்டு நிற்கும் பெரிய கப்பல்களில் பல, நம்மூரில் சண்டைக்கெல்லாம் காரணமான அதே சுருக்குமடி வலையை, பல மடங்கு பெரிதாக வைத்துச் சூரை (டூனா) பிடிப்பவை. இவை பிடித்த மீனை நடுக்கடலில் வேறு கப்பலுக்கு மாற்றக்கூடாது, துறைமுகத்தில்தான் மாற்ற வேண்டும் என்பது பொதுவிதி. அதனால்தான் காயலுக்குள் வருகின்றன.

நிலம் மொத்தம் 26 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதைச் சுற்றி இந்நாட்டின் உரிமைக்குட்பட்ட கடல் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மீனைத் தானே பிடித்து விற்க முதலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆகவே துவாலு விற்பது மீனையல்ல, மீன்பிடிக்கும் நாளை. சூரை மீன்பிடிப்புக்காகப் பசிபிக் தீவு நாடுகள் செய்துகொண்ட நவ்ரு உடன்படிக்கையில் உள்ள எட்டு நாடுகள் 2007-இல் தொடங்கிய முறை இது; நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டோகெலாவும் பிறகு சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு இத்தனை நாள் என்று ஒரு மொத்தக் கணக்கு, அதில் நாட்டுக்கு நாடு பங்கு. ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை 2015 முதல் 8,000 அமெரிக்க டாலர். 50 மீட்டருக்குக் குறைந்த கப்பல் ஒரு நாள் கடலில் பிடித்தால், வாங்கிய கணக்கில் அரை நாள் கழியும். 50 முதல் 80 மீட்டர் வரை ஒரு நாள். அதற்கு மேல் ஒன்றரை நாள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. தகராறு வேறிடத்தில் வருகிறது. "அன்றைக்கு எஞ்சின் பழுது, வலை போடவில்லை, அந்த நாளைக் கழிக்காதீர்கள்" என்று கப்பல்காரர்கள் கேட்பார்கள். கப்பலில் இருக்கும் கண்காணிப்பாளரின் குறிப்பையும் செயற்கைக்கோள் தடத்தையும் வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், சூரை ஓரிடத்தில் நிற்பதில்லை. எல் நினோ ஆண்டில் வெதுநீர் கிழக்கே பரவும்போது மீன் கூட்டம் துவாலு, கிரிபாட்டி பக்கம் வரும், நாளுக்கு நல்ல கிராக்கி. லா நினாவில் கூட்டம் மேற்கே பப்புவா நியூகினி பக்கம் ஒதுங்கிவிடும், கப்பலும் பின்னாலேயே போகும். அரசின் பெரிய வருமானம் இது என்பதால், கடலின் சூடு மாறினால் பட்ஜெட்டும் ஆடும்.

அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் 1987-இல் துவாலு அறக்கட்டளை நிதி அமைத்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் கொடுத்ததோடு துவாலுவும் பங்கு போட்டு, ஏறத்தாழ 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் ஆரம்பம். நிதிக்கு இரண்டு கணக்கு. 'ஏ' கணக்கில் முதல் இருக்கும், அதன் மதிப்பு விலைவாசிக்கு ஏற்ப உயர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால் மட்டும் 'பி' கணக்குக்கு மாறும். அரசு எடுக்கலாம் என்றால் அதிலிருந்துதான். சந்தை விழுந்த வருடம் மிச்சமே இருக்காது. பாஸ்பேட் விற்ற காசு கையில் வந்ததும் தின்று தீர்த்த நவ்ரு தீவு நாட்டை நினைத்தால், இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே துவாலுவைப் பாராட்டலாம்.

மற்ற வரவுகளும் பெரும்பாலும் உரிமையை விற்றுக் கிடைத்தவையே. 1990-களில் நாட்டின் தொலைபேசிக் குறியீடு 688-ஐ வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அதில் ஓடியது ஆபாசப் பேச்சு என்று தெரிந்ததும், சர்ச்சுக்குத் தவறாத ஊர் கொதித்துவிட்டது. பிறகு நாட்டுக்கென்று ஒதுக்கிய '.டிவி' என்ற இணைய முகவரி கைகொடுத்தது. அந்தப் பணத்தில்தான் 2000-இல் ஐ.நா.வில் உறுப்பினராக முடிந்தது, ஃபுனாஃபுட்டி சாலைக்குத் தாரும் விழுந்தது. தபால்தலை விற்பனையும் ஒரு காலத்தில் ஓகோவென்று நடந்தது; அளவுக்கு மீறி அச்சடித்ததில் சேகரிப்பவர்களுக்குச் சலித்துப்போனது. அமாட்டுகு திட்டில் உள்ள மாலுமிப் பயிற்சிப் பள்ளி பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின் அந்த வேலைகளும் சுருங்கின.

சாப்பாட்டுக்கு வருவோம். அரிசி, மாவு, சர்க்கரை, டின் இறைச்சி எல்லாம் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் 'ஃபூசி' எனப்படும் கூட்டுறவுக் கடையின் அலமாரி காலியாகும், காய்கறி முதலில் தீரும். மருந்து, பால்பவுடர் போன்றவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிறு கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மீன் தாராளம். தென்னம்பாளை சீவி இறக்கும் 'கலேவே' கிடைத்தால் காலையில் இறக்கியதைக் கேளுங்கள். புளித்துவிட்டால் அது கள், பெயரும் மாறிவிடும்.

ஆறு கிடையாது, நிலத்தடி நீர் உப்பு. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்ததுதான் குடிநீர். 2011-இல் மாதக்கணக்கில் மழை பொய்த்து நெருக்கடிநிலை அறிவித்தபோது, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை அனுப்பின. விடுதியில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்காதீர்கள், அந்தத் தொட்டியை நம்பித்தான் வீட்டுக்காரரும் இருக்கிறார்.

காயல் கரையோடு நடந்தால் சுமார் 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்கு வெறும் மணல்மேடு ஒன்று வரும். உயரும் கடலிலிருந்து ஊரைக் காக்க, காயலிலிருந்து அள்ளிக் கொட்டி உயர்த்திய புதுநிலம் அது. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவோடு செய்த ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரோடு சேர்த்துப் பதிந்தவர்கள் 8,750 பேர். நாட்டின் மக்கள்தொகையே பத்துப் பதினோராயிரம்தான்.