ஹெட் ஆங்கிளைக் குறைக்கும் முன் பிபி உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

பழைய மவுண்டன் பைக்கின் ஹெட் ஆங்கிளை (ஃபோர்க் திரும்பும் அச்சு தரையோடு சேரும் கோணம்) ஒரு டிகிரி சாய்க்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தப் பார்ட் வாங்கலாம்?" என்பதைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது பாட்டம் பிராக்கெட் (பிபி, கிராங்க் அச்சு உட்காரும் இடம்) உயரத்தை. ஒரே கோண மாற்றத்தை நான்கு வழிகளில் கொண்டுவரலாம். ஆனால் ஒரு வழி பிபியை ஏற்றும், மற்றவை இறக்கும். ஏற்கெனவே பெடல் கல்லில் இடிக்கும் பைக்கில் பிபி இன்னும் 10 மி.மீ. இறங்கினால் ஓட்டுவதே சிரமம்.

அளக்கும் முறை எளிது. டயர் காற்றை வழக்கமான அளவுக்கு வைத்து, சமதளத்தில் பைக்கை நேராக நிறுத்தி, தரையிலிருந்து கிராங்க் அச்சின் மையம் வரை அளக்கவும். கோணத்துக்குப் போனிலுள்ள மட்டமானி போதும். முதலில் தரையில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு ஃபோர்க்கின் மேல்குழாயோடு ஒட்டிப் பிடிக்கவும். ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் ஃபிரேம் குழாய்) பெரும்பாலும் கூம்பாக இருப்பதால் அதன்மேல் வைத்தால் தவறான எண் வரும்.

கீழே உள்ள எண்கள் வீல்பேஸ் (இரு ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 1200, செயின்ஸ்டே (பிபி முதல் பின் ஆக்சில் வரை) 435 மி.மீ. உள்ள ஃபிரேமுக்கு, சாக் (ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) சேர்க்காமல் போட்ட கணக்கு. உங்கள் பைக்கில் கொஞ்சம் மாறும்.

ஃபோர்க்கின் ஏர் ஷாஃப்டை (உள்ளிருக்கும் காற்று ஸ்பிரிங்கின் தண்டு) மாற்றி டிராவலை (அமுங்கும் தூரத்தை) 10 மி.மீ. கூட்டினால் முன்பக்கம் சுமார் 9 மி.மீ. உயரும், ஹெட் ஆங்கிள் 0.4 டிகிரிக்குச் சற்று மேல் சாயும், பிபி 3 மி.மீ. ஏறும். கூடவே சீட் ஆங்கிளும் அதே அளவு சாயும், ரீச் (பிபியிலிருந்து ஹெட் டியூப் மேல்முனை வரை கிடைமட்டத் தூரம்) சுமார் 5 மி.மீ. குறையும். ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்குவதாகத் தோன்றினால் காரணம் இதுதான். சீட்டை ரெயிலில் முன்னே தள்ளினால் ஓரளவு சரியாகும். ஃபிரேமுக்கு அனுமதித்த அதிகபட்ச ஃபோர்க் நீளத்தைத் தாண்ட வேண்டாம். ஹெட் டியூப் இணைப்பில் விழும் நெம்புவிசை அதிகமாகும்.

ஆஃப்செட் ஷாக் புஷிங் (பின் ஷாக்கை ஃபிரேமோடு இணைக்கும் போல்ட் செல்லும் வளையம்) பிபி விஷயத்தில் இதற்கு நேர் எதிர். போல்ட் துளை மையம் விலகியிருப்பதால் ஷாக்கின் பயன்நீளம் குறைகிறது. இரு முனையும் சேர்ந்து 4 மி.மீ. குறைந்து, லெவரேஜ் விகிதம் (ஷாக் 1 மி.மீ. அமுங்கும்போது பின் சக்கரம் நகரும் அளவு) 2.7 என்றால், பின் ஆக்சில் ஃபிரேமைப் பொறுத்து 11 மி.மீ. மேலே வரும்: கோணம் அரை டிகிரி சாயும், பிபி 7 மி.மீ. இறங்கும். ட்ரன்னியன் ஷாக்கில் (ஒரு முனை பக்கவாட்டு போல்ட்டுகளால் நேராகப் பொருந்தும் வகை) ஒரு முனையில்தான் புஷிங் என்பதால் பலன் பாதி. இரு துளைகளும் ஷாக்கின் நடுப்பகுதியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஷாக் நீளமாகி, கோணம் செங்குத்தாகிவிடும். மாட்டியதும் காற்று முழுவதையும் விட்டு (காயில் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றி) பின் சக்கரத்தை முழு டிராவலுக்கும் அமுக்கிப் பாருங்கள். டயர் சீட் டியூபில் உரசினாலோ, ஷாக் உடல் ஃபிரேமைத் தொட்டாலோ அந்தப் புஷிங் அந்தப் பைக்குக்கு ஆகாது. இந்தச் சோதனையைத் தவிர்த்தால் முதல் பெரிய குதியிலேயே ஃபிரேம் விரிசல் விடலாம்.

29 அங்குல பைக்கில் பின்னால் மட்டும் 27.5 அங்குலச் சக்கரம் போடுவதும் இதே திசைதான், ஆனால் பெரிய அடி. ரிம் ஆரத்தில் 19 மி.மீ. வித்தியாசம், கோணம் 0.9 டிகிரி, பிபி 12 மி.மீ. கீழே. அதற்கேற்ற லிங்க் (பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டு) கிடைக்காத ஃபிரேமில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோணத்தை மட்டும் மாற்ற, மற்ற எண்களை அதிகம் தொடாத வழி ஆங்கிள் ஹெட்செட் (சாய்வாகக் கடைந்த கப்புகள் கொண்ட ஹெட் டியூப் பேரிங் தொகுதி). ஒர்க்ஸ் காம்போனென்ட்ஸ், உல்ஃப் டூத் போன்றவர்கள் செய்கிறார்கள். 1 டிகிரி கப் போட்டால் முன் ஆக்சில் முன்னே போகும்போதே ஃபிரேமைப் பொறுத்துச் சற்று மேலும் வருவதால் முன்பக்கம் 4–5 மி.மீ. தாழும். எனவே கையில் கிடைப்பது சுமார் 0.8 டிகிரி. பிபி 2 மி.மீ. கூட இறங்காது, ரீச் ஏறக்குறைய அப்படியே. கீழ்க்கப் வெளியே தொங்கும் வகையாக இருந்தால் முன்பக்கம் உயர்ந்துவிடும், அப்போது ஸ்டியரர் (ஹெட் டியூபினுள் செல்லும் ஃபோர்க் குழாய்) நீளம் போதுமா என்றும் பார்க்கவும். பேரிங் நேராக ஃபிரேமிலேயே உட்காரும் ஐ.எஸ். வகை ஹெட் டியூபில் சாய்ப்பதற்குப் பெரும்பாலும் இடமிருக்காது. கப் அழுத்திப் பொருத்தும் இசட்.எஸ். 44, 56 வகையில்தான் வசதி.

வாங்கும்போது ஹெட் டியூப் நீளத்தை அளந்து, அந்த நீளத்துக்கான கப்பையே கேளுங்கள். மேல், கீழ் கப்புகளின் சாய்வு அந்த நீளத்தை வைத்துத்தான் கடையப்படுகிறது. நீளம் பொருந்தாவிட்டால் இரு பேரிங்குகளும் ஒரே அச்சில் நிற்காது. ஃபோர்க் திரும்பும்போது இறுகும், பேரிங் சீக்கிரம் தேயும்.

பொருத்தும்போது ஹெட் டியூபைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, முன்னும் பின்னும் நடுக்கோடு வரையவும். சாய்க்க வேண்டுமானால் மேல் பேரிங் பின்னாலும் கீழ் பேரிங் முன்னாலும் விலக வேண்டும். அலுமினிய ஃபிரேமில் மெல்லிய கிரீஸ் தடவி, ஒவ்வொரு கப்பாக பிரஸ் செய்யவும். விசை கப்பின் விளிம்பில் விழட்டும், பேரிங் இருக்கையில் வேண்டாம். 2 மி.மீ. உள்ளே போனதும் நிறுத்திக் கோட்டைச் சரிபார்க்கவும். திருத்தம் அங்கே எளிது, முழுதாக இறங்கிய பிறகு கப்பைத் தட்டி எடுத்தால்தான் உண்டு. கப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் முன் சக்கரமும் ஒரு பக்கம் சாயும், கையை விட்டால் பைக் அந்தப் பக்கமே இழுக்கும். முன்னால் நின்று ஃபோர்க் கால்கள் சீட் டியூபோடு நேராக நிற்கின்றனவா எனக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் சில சவாரிகளுக்குப் பிறகு ஹெட்செட் தளர்ந்திருக்கும், ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த வழியில் பிபி தாழ்ந்துதான் ஆகும் என்றால் 175 மி.மீ. கிராங்க்கை 165 ஆக்குங்கள். பெடல் கீழே வரும்போது 10 மி.மீ. இடைவெளி திரும்பக் கிடைக்கும். சீட்டையும் அதே 10 மி.மீ. உயர்த்த மறக்க வேண்டாம்.