பேக்கப் நேரத்தில் மட்டும் அறுந்த ஃபைபர் சேனல் இணைப்பு

சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் சுவிட்சுகளை 8 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து (விநாடிக்கு கிகாபிட்) 16-க்கு மாற்றிய பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. பகலில் சத்தமே இருக்காது. இரவு பேக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் சர்வரின் லினக்ஸ் லாகில் 'அபார்ட் கமாண்ட் இஷ்யூட்' (கமாண்டைக் கைவிடச் சொல்லியாயிற்று) என்று வரிசையாக விழும். ஸ்டோரேஜுக்கு ஏ, பி என்று இரண்டு தனித்தனி ஃபேப்ரிக் (சுவிட்ச் வலை) வழியாகப் பாத் உண்டு. அவற்றைக் கவனிக்கும் மல்டிபாத்தில் ஏ பக்கத்துப் பாத் போகும், கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும்.

வழக்கமான பஞ்சாயத்து நடந்தது. ஸ்டோரேஜ்காரர்கள் சர்வரைக் கைகாட்ட, டிரைவர், ஃபர்ம்வேர், கடைசியில் சர்வரை ஃபைபர் சேனலில் இணைக்கும் ஹெச்பிஏ கார்டு வரை எல்லாம் மாறின. இரவானால் அதே கதை.

சர்வர் லாகை நம்பித் தேடினால் இப்படித்தான் ஆகும். ஸ்டோரேஜ் டிராஃபிக் போவது கிளாஸ் 3-இல், அதாவது வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்காத சேவையில். வழியில் ஃபிரேம் (டேட்டா பொட்டலம்) கெட்டால் கெட்டதுதான், டிசிபி மாதிரி அந்த ஃபிரேமை மட்டும் மறுபடி அனுப்பும் வேலை கிடையாது. பெரும்பாலும் ஸ்டோரேஜ் கமாண்டுக்குப் பதில் வரக் காத்திருக்கும் ஸ்கசி டைமர் முடிந்த பிறகுதான் சர்வருக்கே விஷயம் தெரியும். லினக்ஸில் அது இயல்பாக 30 விநாடி. புலம்புவது சர்வர் என்றாலும், அடிபட்ட இடம் வேறு எங்கோ இருக்கலாம்.

சரி, சுவிட்சிலிருந்து தொடங்கலாம் என்று முதலில் கவுன்ட்டர்களை அழித்தேன். கேபிள் செருகிய நாளிலிருந்து சேர்ந்து கிடக்கும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பேக்கப் ஓடி முடிந்ததும் போர்ட் வாரியாக எர்ரர் எண்ணிக்கை காட்டும் 'போர்ட்எர்ஷோ' கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். சர்வர் இருக்கும் சுவிட்சின் ஐஎஸ்எல் போர்ட்டில் (அடுத்த சுவிட்சோடு இணையும் போர்ட்) சிஆர்சி எர்ரர், அதாவது சிதைந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை, ஏறியிருந்தது. ஆனால் கெட்டதென்று குறி போடாமல் வந்தவற்றை மட்டும் எண்ணும், பக்கத்திலிருந்த 'ஜி-இஓஎஃப்' காலம் பூஜ்யம். அதாவது ஃபிரேம் அங்கே வரும்போதே கெட்டு வந்திருக்கிறது, முந்தைய சுவிட்ச் அதற்குக் குறியும் போட்டு அனுப்பியிருக்கிறது. அந்த சுவிட்சுக்குப் போனால், ஸ்டோரேஜ் அரே செருகியிருந்த போர்ட்டில் இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தன. கெட்டது அந்த லிங்க்கில்தான். எர்ரரை எண்ணுவது பெறும் முனை என்பதால், அரேயிலிருந்து சுவிட்சுக்கு வரும் திசையில்.

அந்த லிங்க் அவ்வப்போது ரீசெட்டும் ஆகிக்கொண்டிருந்தது, அதற்கும் காரணம் இதுவே. சுவிட்ச் அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அரே 'அடுத்ததை அனுப்பலாம்' என்று ஒரு ஆர்-ரெடி சிக்னலைத் திருப்பித் தர வேண்டும். அது வழியில் சிதைந்தால் சுவிட்சின் கையிலிருக்கும் கிரெடிட் (ஃபிரேம் அனுப்பும் அனுமதி) ஒன்று குறையும். இப்படியே குறைந்து பூஜ்யமாகி 2 விநாடி நின்றால், சுவிட்ச் லிங்க் ரீசெட் அனுப்பிக் கணக்கைப் புதிதாகத் தொடங்கும். 'போர்ட்ஷோ' கமாண்டில், அனுப்பிய லிங்க் ரீசெட்டுகளைக் காட்டும் எல்ஆர்-அவுட் எண் அந்தப் போர்ட்டில் மட்டும் கூடியிருந்தது.

போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூலான எஸ்எஃப்பியில் ஒளி அளவு நன்றாகவே இருந்தது. "பவர் ஓகே, அப்புறம் கேபிளில் என்ன குறை?" என்றார் ஸ்டோரேஜ் நண்பர். நியாயமான கேள்விதான், ஆனால் வெளிச்சம் போதுமான அளவு வந்து சேர்ந்தாலும் சிக்னல் மங்கி வரலாம்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். அரேயிலிருந்து பேட்ச் பேனல் (கேபிள்களை இணைக்கும் பலகை) வரை அக்வா நிற ஓஎம்3 ரக ஃபைபர். பேனலுக்குப் பின்னால், தரைக்கடியில், பழைய ஆரஞ்சு டிரங்க் கேபிள். உறையில் 50/125 ஓஎம்2 என்று அச்சிட்டிருந்தது. இரண்டுக்கும் கோர் 50 மைக்ரான் என்பதால் லிங்க் பிரச்சினையில்லாமல் எழும்பிவிடும். ஆனால் ஓஎம்2-இல் 8 ஜிபிபிஎஸ்ஸுக்கு 50 மீட்டர் வரை போகலாம், 16-க்கு 35 மீட்டர்தான். உறையின் மீட்டர் குறிகளைக் கூட்டிப் பார்த்தால், டிரங்க் மட்டுமே 40 மீட்டரைத் தாண்டியது.

அன்றிரவே அந்தப் போர்ட்டை மட்டும் 8-க்கு இறக்கினோம். பேக்கப் முடியும்வரை ஒரு எர்ரர்கூட இல்லை. பிறகு டிரங்க்கை ஓஎம்4 ஆக மாற்றி, எல்சி கனெக்டர் முனைகளையும் துடைத்துவிட்டு, திரும்ப 16-க்கு ஏற்றினோம். கவுன்ட்டர் அசையவில்லை.

பி ஃபேப்ரிக்கிலும் ஓடுவது அதே ரக ஆரஞ்சு கேபிள்தான். நீளம் குறைவு, அதனால் இதுவரை தப்பித்தது. அடுத்த மெயின்டனன்ஸ் விண்டோவில் அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.